மாஸ்டரின் இடது கன்னம்

குஷன் கடை மாஸ்டர் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம் ஒன்று உண்டென்றால் அது வேலை நேரம்தான். அதுவும் வேறு வழியில்லாமல். வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டு மனிதன் என்ன பேச முடியும்? சோபாவின் விளிம்பில் ரெக்சினை இழுத்துப் பிடிக்க ஒரு கை, காந்தச் சுத்தியலுக்கு ஒரு கை. ஆணி எடுத்துக் கொடுக்க மூன்றாவது கை இல்லாததால் அந்த வேலையை நாக்கு பார்த்துக்கொண்டது. இடது கன்னத்துக்குள் ஒரு பிடி சின்ன ஆணி அடங்கியிருக்கும். நாக்கு அதை ஒன்றொன்றாகத் தள்ளி, தலைப்பக்கம் வெளியே வரும்படி உதட்டோரத்தில் நிறுத்தும். சுத்தியல் வந்து ஒட்டி எடுத்துக்கொண்டு போய் அடிக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். ஸ்டேப்ளர் பின் அடிக்கிற துப்பாக்கியும் கடையில் இருந்தது. ஆனால் வளைவு நெளிவு வரும் இடத்தில் ஆணிக்கு ஈடு கிடையாது என்பது மாஸ்டரின் கட்சி.

அவர் மட்டும் இல்லை. அந்தத் தெரு முழுக்க அதே தொழில்தான். சோபா, நாற்காலி, கார் சீட், டாக்டர் வீட்டுப் பெஞ்சு என்று மனிதன் உட்காருகிற சாமான் எதுவானாலும் அங்கே வந்துதான் மெத்தை போட்டுக்கொண்டு போகும். நார்த் தூசியும் பசை நாற்றமும் தெருமுனையிலேயே வரவேற்கும். வெயில் காலத்தில் ரெக்சின் கையோடு ஒட்டும், மழைக் காலத்தில் பசை காய மாட்டேன் என்று அடம் பிடிக்கும். எல்லார் கன்னத்திலும் ஆணி.

ஆணி தீர்ந்ததோ இல்லையோ, மாஸ்டர் பேச ஆரம்பித்துவிடுவார். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மகளிடம் போய்த்தான் நிற்கும். மகள் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள். சாதாரண வேலை இல்லை. வாயில் வருகிற புற்றுநோயை, கண்ணுக்குத் தெரிகிறதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கும் மிஷின் ஒன்றை அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள்.

"வலிக்காது, ரத்தம் எடுக்க மாட்டாங்க, ஒண்ணும் கிடையாது" என்பார் மாஸ்டர், சோபா வாங்க வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து. "பேனா மாதிரி ஒரு குச்சி. அதைக் கன்னத்துக்குள்ள வச்சா அதுலேர்ந்து ஒரு வெளிச்சம் போகும். அகச்சிவப்புன்னு பேரு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. சதைக்குள்ள போய், அங்க ரத்தம் எப்படி இருக்கு, தண்ணி எப்படி இருக்குன்னு பாத்துட்டுத் திரும்பி வரும். வந்த வெளிச்சத்தைக் கம்ப்யூட்டர் பாத்து, இது நல்ல சதை, இது கெட்ட சதைன்னு சொல்லிடும்."

"கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

"அப்படிக் கேளுங்க! என் பொண்ணு பாடம் சொல்லிக் குடுக்கறா. கெட்ட வாய் ஆயிரம், நல்ல வாய் ஆயிரம் காட்டிக் காட்டிப் பழக்கறா. பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் குடுக்கற மாதிரி. சரி, உங்களுக்கு மூணு பேர் உக்கார்ற சோபாவா, ரெண்டு பேரா?"

வந்தவர்கள் சோபாவை மறந்துவிட்டுத் தங்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டு போவார்கள்.

கெட்ட வாய்க்கு ஆஸ்பத்திரி இருந்தது. நல்ல வாய்க்குத்தான் தட்டுப்பாடு. ஒரு நோயும் இல்லாத மனிதன் எதற்காக வேலையை விட்டுவிட்டு வந்து வாயைத் திறந்து காட்டுவான்? மகள் ஒருநாள் வீட்டில் அதைச் சொல்லி அலுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். மறுநாளே மாஸ்டர் கடை கடையாக ஏறி இறங்கினார். தெருவில் ஒரு ஆளை விடவில்லை. பல் தேய்த்து, சலவைச் சட்டை போட்டு, வெற்றிலை புகையிலை பக்கம் தலைவைத்துப் படுக்காமல் வர வேண்டும் என்று கண்டிஷன் போட்டார். கும்பல் கும்பலாக ஆராய்ச்சிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போய், வரிசையில் நிற்கவைத்து, தானே முதல் ஆளாக நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். மகள் வெள்ளைக் கோட்டோடு வந்து குச்சியை அப்பாவின் கன்னத்தில் வைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாய் திறந்தபடி இருந்ததால் யாரிடமும் அதைச் சொல்ல முடியவில்லை.

பாடம் முடிந்தது. மிஷின் தேறியது. அதன் பிறகு தெரு ஆட்களை எல்லாம் இன்னொரு தடவை கூப்பிட்டுச் சோதித்து, எல்லார் வாயும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். மாஸ்டர் வாயும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் மிஷினைச் சுற்றுப்புற ஊர்களின் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெருவுக்கே செய்தி. மாஸ்டரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

கடைவாய்ப் பல் ஒன்று வலித்தது. அதற்காகத்தான் பல் டாக்டரிடம் போனார். அந்த அம்மாள் பல்லைப் பார்த்துவிட்டு, கையோடு கையாக விரலை இடது கன்னத்துக்குள் விட்டு அழுத்திப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ஆணி வைக்கிற இடம் டாக்டர். முப்பது வருஷமா அங்கதான் இருக்கு. காய்ச்சுப் போயிருக்கும்."

"காய்ப்பு மேலதான் இருக்கும். இது அடியில கெட்டியா இருக்கே."

மாஸ்டர் சிரித்தார். "டாக்டர், என் பொண்ணு மிஷினே பாத்துடுச்சு. சுத்தமா இருக்குன்னு சொல்லிடுச்சு."

"சந்தோஷம். எதுக்கும் ஒரு துளி சதை எடுத்து அனுப்பிப் பாத்துடலாம்."

துளி போனது. பதில் வந்தது. புற்றுநோய். ஆரம்பத்திலும் ஆரம்பம், சின்னதாக வெட்டி எடுத்துவிட்டால் போதும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது என்றாள் டாக்டர். தையல் ஆறும்வரை சில வாரம் பேசக் கூடாது என்றும் சொன்னாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. மாஸ்டருக்குச் சாவு, வலி, சம்பாத்தியம் எதுவும் முதலில் நினைவுக்கு வரவில்லை. மிஷின் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னதே, இனி மகள் பேர் என்ன ஆகும் என்பதுதான் வந்தது. வெளியே வந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பாகிட்ட மூச்சு விடாதே."

"ம்" என்றாள் அவள். மாஸ்டர் வண்டியை எடுக்கப் போன இடைவெளியில் மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மகள் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம், கண் உள்ளே போய், முடியைக் கட்டக்கூட இல்லாமல் வந்து, அப்பாவுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா டீ போட உள்ளே போனாள்.

"எதுக்குப்பா மறைச்சீங்க?"

"மறைக்கலைம்மா. சொல்லலை."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மாஸ்டர் அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டு மகளிடம் குரலைத் தணித்தார். "இந்தா பாரும்மா. நான் எல்லாம் யோசிச்சுட்டேன். வேற ஊர்ல போய் ஆபரேஷன் பண்ணிக்கறேன். பல்லைப் பிடுங்கினேன், சீழ் வச்சுடுச்சுன்னு தெருவுல சொல்லிக்கலாம். நீ உன் கம்ப்யூட்டர்லேர்ந்து என் பேரை மட்டும் தூக்கிடு. ஒரு ஆளு குறைஞ்சா குடியா முழுகிடும்?"

"எங்க ஹெட்டும் அதேதான் சொன்னார். சொந்தக்காரங்களைச் சேத்திருக்கவே கூடாது, அதனால அந்த ஒண்ணை விட்டுடலாம்னு."

"பாத்தியா! பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்."

"முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அம்மா டீயோடு வந்து இருவருக்கும் நடுவில் நின்றுவிட்டாள். மகள் டம்ளரை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு நாளா அதையேதான் தோண்டிக்கிட்டிருந்தேன்ப்பா. ஏன் தவறவிட்டுச்சுன்னு. உங்க வாயை மட்டும் வச்சுப் பாத்தா ஒண்ணும் புரியலை. அப்பறம் நல்ல வாய் எல்லாத்தையும் மொத்தமா எடுத்து வச்சுப் பாத்தேன். முக்கால்வாசிப் பேர் இடது கன்னத்துல காய்ப்பு இருக்கு. எல்லாம் நம்ம தெரு ஆளுங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நோயாளிங்கள்ல ஒருத்தர் கன்னத்துலயும் அது கிடையாது. இப்ப நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு அதை மட்டும் காட்டிக் காட்டிப் பாடம் எடுத்தா நீங்க என்ன படிப்பீங்க?"

மாஸ்டர் டீயை ஊதிக்கொண்டே யோசித்தார். ஊதுவது நின்றது.

"காய்ப்பு இருந்தா நல்ல வாய்."

"அதேதான். அதுக்கு அடியில என்ன இருக்குன்னு அது பாக்கறதையே விட்டுடுச்சு."

"அப்ப தப்பு என்னுது. வாரி வாரிக் கூட்டிட்டு வந்தேனே."

"நீங்க ஆள் கூட்டிட்டு வந்தீங்க. ஒரே தெருவிலேர்ந்து இத்தனை பேரு வேணாம்னு சொல்ல வேண்டியது நான்தானே? ஆள் கிடைச்சாப் போதும்னு வாயைப் பொளந்துக்கிட்டு வாங்கிப் போட்டேன். தப்பு என்னுது."

"ஆளுக்கு ஒரு பங்கா எடுத்துக்குங்க" என்றாள் அம்மா. "ஆபரேஷன் எப்ப, அதைச் சொல்லுங்க."

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பா, உங்களுக்கு விஷயம் இன்னும் புரியலை. உங்க பேரைத் தூக்கிடலாம். உங்களுக்கு டாக்டர் இருக்காங்க, ஆபரேஷன் இருக்கு. நம்ம தெருவுல இருக்கறவங்களுக்கு? உங்க வாய் சுத்தமா இருக்கு, போய் நிம்மதியா வேலையைப் பாருங்கன்னு நான் இந்த வாயால சொல்லி அனுப்பியிருக்கேன். அதுல ஒருத்தருக்கு உங்களை மாதிரி இருந்தா? இனிமே அவங்க எந்த டாக்டர்கிட்டப் போவாங்க? மாமா கன்னத்துல என்னமோ உறுத்துதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாரே. நான் சொன்ன பிறகு அதைப் பத்திப் பேசறதையே விட்டுட்டாரு."

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவியின் தம்பி, நாலு கடை தள்ளிக் கார் சீட் தைப்பவன். மிஷின் சொன்னதைக் கேட்டுவிட்டு அன்றைக்குத் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தான். அந்த டீயை மாஸ்டரும் குடித்தார்.

"நாளைக்கு நான் கடை கடையா வந்து சொல்லப் போறேன்" என்றாள் மகள். "மிஷின் எங்கயும் போகாது. நிறுத்தச் சொல்லிட்டேன்."

"வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

"தெரியலைப்பா."

அவள் முகத்தைப் பார்த்தார் மாஸ்டர். பரீட்சையில் முதலாவதாக வந்த நாள்களில் எல்லாம் அந்த முகத்தை அவர் ஆசை தீரப் பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் இல்லாத ஒன்று இன்றைக்கு அதில் இருந்தது. தலை கலைந்து, தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கிற இந்தப் பெண்ணின் முன்னால் அவருக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது.

"நீ வராதே" என்றார். "கூட்டிட்டு வந்தவன் நான். நானே போய்ச் சொல்றேன். வாயிருக்கறப்பவே சொல்லிடறேன்."

ஆபரேஷன் அந்த வாரக் கடைசிக்குக் குறித்தாகிவிட்டது. மறுநாள் காலை, லேசாக மழை தூறிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் தெருவில் இறங்கினார். டாக்டர் ஆணியைக் கன்னத்தில் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டதால் வேலையும் இல்லை, வாய்க்குப் பூட்டும் இல்லை. முதல் கடையில் மழையைப் பற்றிப் பேசிப் பேசித்தான் விஷயத்துக்கு வந்தார். இரண்டாவது கடையில் கொஞ்சம் சுலபமாக வந்தது. மூன்றாவது கடையில் ஒருவர் வாயிலிருந்த ஆணியை எல்லாம் உள்ளங்கையில் துப்பிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் கடைக்கு வந்தபோது செய்தி அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. வேலையாட்கள் எல்லாரும் சுத்தியலை நிறுத்திவிட்டார்கள்.

"வாங்க மாமா" என்றான் மச்சான். அக்காவின் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய் என்ற கலக்கம் அவனுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் கலங்கினால் கோபமாகப் பேசுகிற ஜாதி அவன். "கேள்விப்பட்டேன். இத்தனை நாளா என் பொண்ணு மிஷின், என் பொண்ணு மிஷின்னு காதுல ரத்தம் வர வச்சீங்களே. கடைசியில டப்பாவா அது?"

மாஸ்டருக்கு ரத்தம் ஏறியது. மகளைப் பற்றி அந்தத் தெருவில் ஒருவரும் அப்படிப் பேசியதில்லை. பேசவிட்டதில்லை. சுளீர் என்று திருப்பிக் கொடுக்க வாய்வரை வந்ததை விழுங்கினார்.

"ஆமாடா. தவறவிட்டுடுச்சு. வேற எங்கயும் இல்லை, இந்தக் கன்னத்துலயே தவறவிட்டுடுச்சு."

மச்சான் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக நின்றவன் கை வெறுங்கையாகத் தொங்கியது.

"அது என்னன்னா..." என்று மாஸ்டர் நடந்ததை முழுக்கச் சொன்னார். காய்ப்பு விஷயத்தைச் சொன்னார். எல்லார் வாயையும் ஒரு தடவை டாக்டர் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு ஆராய்ச்சிக்கூடத்துக்கும் வர வேண்டும் என்றார். "காய்ப்பு வேற, நோய் வேறன்னு அதுக்கு மறுபடி சொல்லிக் குடுக்கணும். அதுக்கு நாமதான் வேணும். நம்ம கன்னம் மாதிரி ஊர்ல வேற கன்னம் கிடையாது."

"ஒரு தடவை ஏமாந்தது போதாதா?" என்றான் மச்சான். குரலில் முன்பிருந்த காரம் இல்லை. "மறுபடி எதை நம்பி வர்றது?"

"யாருடா ஏமாத்தினா? தப்பா சொல்லிட்டேன்னு அவளா வந்து சொல்றா. யாரும் கேக்கலை. மேலதிகாரியே மூடி வைன்னு சொல்லியிருக்கார், முடியாதுன்னுட்டா. போன மாசம் நீ ஸ்பிரிங்கைத் தப்பா வச்சு ஒரு சீட்டு அனுப்பினியே, அது உள்வாங்கினப்ப என்ன சொன்ன?"

வேலையாட்களில் ஒருவன் குனிந்துகொண்டு சிரித்தான்.

"கஸ்டமர் குண்டா இருக்கார்னு சொன்ன" என்றார் மாஸ்டர்.

கடையே சிரித்தது. மச்சானும் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மாமா?" என்றான்.

"ஆகாதுடா. எனக்கு என்ன, கொஞ்ச நாள் பேச முடியாது."

"அது எங்களுக்கு லீவு மாதிரி."

"வாயை டாக்டர்கிட்ட வந்து திற, போகலாம்" என்று அவன் தோளில் ஒன்று வைத்தார் மாஸ்டர்.

பல் டாக்டர் அந்த வாரம் தெரு முழுவதையும் பார்த்துத் தீர்த்தாள். மச்சான் கன்னத்தில் உறுத்தியது வெறும் காய்ப்புதான். அவன் அதைத் தன் சாமர்த்தியம் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நாற்காலிக்கு மெத்தை போடுகிற ஒருவருக்கு மட்டும் துளி எடுத்தார்கள். அவருக்கு நோய் இன்னும் வரவில்லை, ஆனால் வர வழி பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதே பார்த்தது நல்லதாயிற்று என்றாள் டாக்டர். அன்று சாயங்காலம் அந்த ஆளின் மனைவி மாஸ்டர் வீட்டு வாசலுக்கு வந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாஸ்டர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். வெட்டி எடுத்த பிறகு அந்த இடம் இருக்காது. மிஷினுக்குக் காட்ட வேண்டுமானால் அன்றைக்கே காட்டியாக வேண்டும். வெளியே பெஞ்சுகளில் தெருவே உட்கார்ந்திருந்தது. உள்ளே மகள் குச்சியைக் கன்னத்தில் வைத்தாள். கொஞ்சம் நகர்த்தி, மறுபடி வைத்தாள். திரையில் ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கியது. அவருக்கு எல்லாக் கோடும் ஒன்று போலத்தான் இருந்தது.

எடுத்து முடித்ததும் திரையில் ஒரு கட்டம் வந்தது. நல்லது, கெட்டது என்று அதில் இரண்டே பதில். கம்ப்யூட்டர் படிப்பது அந்தப் பதிலைத்தான். போன தடவை அப்பாவுக்கு நல்லது என்று போட்டவளும் அவள்தான். மகளின் விரல் விசைக்கு மேலே போய் நின்றது. நின்றபடியே நின்றது.

"என்னம்மா?"

"இதை நானே போடணும்ப்பா. உங்களுக்கு."

மாஸ்டர் தலையணை மாதிரி தடித்த தன் கையை எடுத்து அவள் முதுகில் வைத்தார்.

"சரியான பதிலைப் போடு. வாத்தியாரே தயங்கினா பிள்ளை எப்படிப் படிக்கும்?"

அவள் போட்டாள். கெட்டது என்று பதிவானது. மகள் திரையைப் பார்த்துக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"இனி இது கண்டுபிடிச்சுடுமா?"

"உங்க ஒருத்தரை வச்சுப் படிச்சுடாதுப்பா. இன்னும் நிறையப் பேரு வேணும். வேற வேற ஊரு, வேற வேற வேலை. ஒரு வருஷமாவது ஆகும். அப்பவும் டாக்டர் விரல் கூடவே இருக்கணும்."

"ஆகட்டும்" என்றார் மாஸ்டர். எழுந்து போய்க் கதவைத் திறந்து, "அடுத்த ஆள்!" என்று கூப்பிட்டார். மச்சான் சலவைச் சட்டையோடு எழுந்து வந்தான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் மாஸ்டரைப் பச்சைச் சட்டை மாட்டிப் படுக்கையில் படுக்கவைத்திருந்தார்கள். மனைவி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். அடுத்த படுக்கையில் ஒரு லாரி டிரைவர், அவருக்கும் வாயில்தான். பயத்தில் அவர் போர்வை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று அவர் கேட்டார்.

மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். மாஸ்டர் முழங்கையை ஊன்றி எழுந்தே உட்கார்ந்துவிட்டார். வெளிச்சத்தைச் சொன்னார், கம்ப்யூட்டரைச் சொன்னார், தெருவே திரண்டு போனதைச் சொன்னார், காய்ப்பைச் சொன்னார். லாரி டிரைவர் போர்வையைத் திருகுவதை விட்டுவிட்டிருந்தார். நர்ஸ் வந்து சக்கரப் படுக்கையின் பூட்டைத் தட்டிவிட்டாள்.

"போதும் பெரியவரே, பேச்சை நிறுத்துங்க. தியேட்டர்ல காத்துக்கிட்டிருக்காங்க."

"அப்பா, போதும்ப்பா" என்றாள் மகளும், கூச்சத்தோடு.

"இரும்மா, முக்கியமான இடமே இப்பத்தான் வருது" என்றார் மாஸ்டர். படுக்கை நகர ஆரம்பித்துவிட்டது. அவர் கழுத்தைத் திருப்பி, லாரி டிரைவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "தப்பாப் போச்சுன்னு ஊரைக் கூட்டிச் சொன்னது யார் தெரியுமா? இதோ நிக்கறாளே, இவதான். என் பொண்ணு."